எனக்கு முன்னால் குடித்தவர்

அமெரிக்க நகரங்களில் தெருவோரக் குடிநீர் ஊற்றுகள் ஏன் இப்படி அருகிப்போயின என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று ஒரே பதில்தான் வருகிறது. பாட்டில் தண்ணீர் வந்துவிட்டது, அப்புறம் அது யாருக்கு வேண்டும்? ஆபீஸில் கேட்டேன், பிள்ளைகளின் பள்ளி மைதானத்தில் நின்ற மற்ற பெற்றோரிடம் கேட்டேன், எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்கு ஆறவில்லை. சுத்திகரித்து, பரிசோதித்து, காசு கேட்காமல் கண்ணெதிரே ஓடுகிற தண்ணீரை விட்டுவிட்டு, பல நேரம் அதே நகராட்சித் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும்போது காசு கொடுத்து வாங்க ஒரு சமூகமே தயாராகிறது என்றால், பாட்டில் வருவதற்கு முன்பே அந்தக் குழாயின் மேல் ஒரு அருவருப்பு இருந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கொஞ்ச காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

நான் இருப்பது ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில். இங்கே நகர மையத்தில் நடந்தால் தெருமுனைகளில் நான்கு கிண்ணங்கள் விரிந்த வெண்கலத் தூண்களைப் பார்க்கலாம். ‘பென்சன் பப்ளர்’ என்பார்கள். நார்வேயிலிருந்து பிழைக்க வந்து, மரத்தொழிலில் பெரும்பணம் சேர்த்த சைமன் பென்சன் 1912-இல் நகரத்துக்கு 10,000 டாலர் கொடுத்து 20 ஊற்றுகள் வைக்கச் சொன்னார். ஏ. ஈ. டாய்ல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். நான்கு கிண்ண ஊற்றுகள் மட்டுமே இன்று 50-க்கு மேல் இருக்கின்றன. அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது, பகல் முழுக்கத் தண்ணீர் தானாகப் பொங்கிக்கொண்டே இருக்கும், இரவில் நிறுத்திவிடுவார்கள். புல் ரன் காட்டு நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிற தண்ணீர். கோடையில் குடித்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து என் அத்தை வந்திருந்தபோது அவரை அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். நல்ல வெயில். “இதுல குடிங்க அத்தை, நல்ல தண்ணி” என்றேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அப்போதுதான் குடித்துவிட்டு நிமிர்ந்த ஒருவரையும் பார்த்தார். தோளில் பெரிய மூட்டை, கிழிந்த சட்டை, தெருவில் படுத்து எழுந்து வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. “வேண்டாங் கண்ணு, யார் யாரு வாய் வெச்சாங்களோ” என்றார். “வாய் வெக்க வேண்டியதே இல்லீங்க அத்தை, தண்ணிதான் தானா மேல எழும்பி வருதே” என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் உள்ளங்கையைக் குவித்து ஏந்திக் குடித்தார். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தே பழகிய தலைமுறை, அதனால் எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வியப்பு அடுத்து வந்தது. அதே வாரம் வேறொரு பூங்காவில், ஊற்றை நோக்கி ஓடிய தன் பிள்ளையை ஒரு அமெரிக்கத் தாய் தடுத்து நிறுத்தி, யாரெல்லாம் அதில் வாய் வைத்தார்களோ என்று ஏறத்தாழ அத்தையின் வாக்கியத்தையே சொல்லிப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். எச்சில் பார்க்காத நாடு, ஒரே கோப்பை ஐஸ்கிரீமை நாலு பேர் நாலு ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுகிற ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் இந்தப் பயம். அதற்குப் பிறகுதான் ஊற்றுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. இது தண்ணீரின் வரலாறு மட்டும் இல்லை, எனக்கு முன்னால் குடித்தவர் யார் என்ற கேள்வியின் வரலாறும்கூட.

பயம்தான் தண்ணீரைக் கொண்டுவந்தது

தொடக்கத்தில் முன்னால் குடித்தவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, தண்ணீரைப் பற்றித்தான் கவலை. 1793-இல் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். அப்போது அதுதான் நாட்டின் தலைநகரம். கொசு பரப்பிய நோய் அது, ஆனால் அன்றைக்கு அது தெரியாது. அழுக்கும் கெட்ட காற்றும்தான் காரணம், நல்ல தண்ணீர் கொண்டுவந்து தெருக்களைக் கழுவினால் போய்விடும் என்று நம்பினார்கள். பெஞ்சமின் லாட்ரோப் நீராவி எந்திரங்களை வைத்து ஷூல்கில் ஆற்றிலிருந்து தண்ணீரை இறைத்து 1801-இல் நகரத்துக்குள் கொண்டுவந்தார். காரணம் தப்பு, காரியம் சரி. ஒரு பெரிய அமெரிக்க நகரத்துக்குப் பொதுத் தண்ணீர் கிடைத்ததே இப்படித்தான்.

நியூயார்க்கின் கதை இன்னும் மோசம். அங்கே 1799-இல் தண்ணீர் கொடுப்பதாகச் சொல்லி ஆரன் பர் உரிமம் வாங்கிய மன்ஹாட்டன் கம்பெனி, உரிமத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி வங்கி தொடங்கியது. மரத்தைக் குடைந்து செய்த குழாய்களில் கொஞ்சம் தண்ணீர் விட்டது, மற்றபடி கவனமெல்லாம் வங்கியில். 1832-இல் காலரா வந்து சுமார் 3,500 பேரைக் கொண்டுபோயிற்று, 1835 டிசம்பரில் தீ பிடித்து நகரத்தின் வணிகப் பகுதி எரிந்தது, அணைக்கத் தண்ணீர் போதவில்லை. அப்புறம்தான் 41 மைல் தூரத்திலிருந்து குரோட்டன் ஆற்று நீரைக் கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். 1842 அக்டோபர் 14-ஆம் தேதி ஊர்வலம், பீரங்கி முழக்கம், சிட்டி ஹால் பூங்காவில் வானத்தை நோக்கிச் சீறிய நீரூற்று. வெறும் தண்ணீரைப் பார்த்து ஒரு நகரமே கூத்தாடியது. ஆனால் வீட்டுக்குள் குழாய் இழுக்கக் காசு வேண்டும். ஏழைகளுக்குத் தெருக் குழாய்தான். அதே சிட்டி ஹால் பூங்காவில் குடிப்பதற்கென்றே ஒரு பொது ஊற்று 1859-இல் வந்தது.

அடுத்து வந்த பயம் சாராயம். இதைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மதுவிலக்குக்காரர்களைக் கேலி செய்வது எளிது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒரு வண்டியோட்டிக்கோ கூலியாளுக்கோ நடுப்பகலில் தாகம் எடுத்தால் திறந்திருக்கும் கதவு சாராயக்கடைக் கதவுதான். 1869-இல் டாக்டர் வில்சன் கேரி ஸ்வான் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா ஃபவுண்டன் சொசைட்டி, உழைப்பாளிகளுக்கும் கால்நடைகளுக்கும் தெருவில் தண்ணீர் இல்லாததுதான் குடிக்கு வழி செய்கிறது என்று சொல்லி ஊற்றுகளும் தொட்டிகளும் வைக்கத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராகக் காசு பார்த்த ஹென்றி காக்ஸ்வெல் ஊர் ஊராக மதுவிலக்கு ஊற்றுகளை நன்கொடையாகக் கொடுத்தார். வாஷிங்டனில் ஒன்று, நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் ஒன்று, இன்னும் பல ஊர்களில். சில ஊற்றுகளின் உச்சியில் தன் சிலையையே வைத்துக்கொண்டதால் பல ஊர்களில் அவரை ரசிக்கவில்லை. அவர் வாழ்ந்த சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே 1894-இல் ஒரு கும்பல் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியானது. தாகத்துக்கு ஒரு நகரம் காசு கேட்கலாமா?

எங்கள் போர்ட்லண்டில் 1888-இல் வைத்த ஸ்கிட்மோர் ஊற்று இன்றும் இருக்கிறது. ஸ்டீபன் ஸ்கிட்மோர் என்ற மருந்துக்கடைக்காரர் எழுதிவைத்துவிட்டுப் போன பணத்தில் கட்டியது. மனிதருக்கு, குதிரைக்கு, நாய்க்கு என்று மூன்று சாதிக்கும் அதில் இடம் உண்டு. ‘நல்ல குடிமக்களே ஒரு நகரத்தின் செல்வம்’ என்று கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் காலத்து ஊற்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குடிக்க வருகிறவர் யார், குடிகாரரா, உழைப்பாளியா, ஊருக்குப் புதியவரா என்று எதையும் கேட்காத ஊற்று. அந்தக் காலத்து ஊற்றுகளில் பொதுவாக இரும்புச் சங்கிலியில் ஒரு குவளையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே குவளையில்தான் குடித்தார்கள். வங்கி அதிகாரியும் குப்பை அள்ளுகிறவரும் ஒரே விளிம்பில் உதடு வைத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இன்றைக்கு நம்ப முடிகிறதா?

குவளை

அந்தக் குவளையை ஒழித்தது அறிவியல், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. காசநோயும் தொண்டை அடைப்பானும் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். 1908-இல் பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியைச் சேர்ந்த ஆல்வின் டேவிசன் என்ற உயிரியல் பேராசிரியர் பள்ளிக்கூடத்துப் பொதுக் குவளைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அவற்றில் ஒட்டியிருந்த கிருமிகளையும் உதட்டுத் தோல் துணுக்குகளையும் பற்றி எழுதினார். 1909-இல் கான்சஸ் மாநிலச் சுகாதார வாரியத்தின் செயலாளர் டாக்டர் சாமுவேல் கிரம்பைன் ரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளையைத் தடை செய்தார். ரயிலில் காசநோயாளிகள் குடித்துவிட்டு வைத்த அதே குவளையில் ஒரு சின்னப் பெண் குடித்ததைப் பார்த்ததுதான் அவரை உலுக்கியது என்பார்கள். மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் காகிதக் குவளை அந்தச் சமயத்தில்தான் வந்தது. லாரன்ஸ் லூயலென் கண்டுபிடித்து, ஹ்யூ மூர் விற்றது. முதலில் ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லியே விற்றார்கள், 1919-இல்தான் டிக்ஸி என்ற பெயர் வந்தது. தண்ணீரைவிடக் குவளைக்குக் காசு கொடுக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

குவளையே இல்லாமல் குடிப்பதற்கும் வழி தேடினார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் லூதர் ஹாஸ், பள்ளிப் பிள்ளைகள் ஒரே தகரக் குவளையில் மாறி மாறிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் தானாக மேலே எழும்பும் குழாயைச் செய்து 1911-இல் காப்புரிமை வாங்கினார். ஒஹாயோவில் ஹால்சி டெய்லர், தன் அப்பாவை 1896-இல் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்தவர், 1912-இல் குடிநீர் ஊற்று செய்யும் கம்பெனி தொடங்கினார். இன்றும் பள்ளி, விமான நிலையம் எங்கே போனாலும் இந்தப் பெயர்களை எஃகுக் கிண்ணத்தின் மேல் பார்க்கலாம். வாய் வைக்கும் குவளை போய்விட்டது, இனி நடுவில் வேறு யாரும் இல்லை, தண்ணீரும் நாமும் மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதுவும் முழுக்கச் சரியில்லை. நேராக மேலே எழும்பும் தண்ணீரில் பிள்ளைகள் குழாய் முனையிலேயே உதட்டை வைத்தார்கள், வைக்காவிட்டாலும் வாயிலிருந்து விழுவது அதே குழாயின் மேலேயே விழுந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதி மாணவிகளுக்குத் தொண்டை நோய் பரவியபோது ஆராய்ந்து பார்த்தவர்கள், 1916-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நுட்பமான விஷயத்தைச் சொன்னார்கள். எழும்பும் நீரில் விழுந்த கிருமி உடனே அடித்துக்கொண்டு போய்விடுவதில்லை, அந்த நீர்த்தண்டின் உச்சியிலேயே துள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறது. தீர்வு ரொம்ப எளிது. குழாயைச் சாய்த்துவிட வேண்டும். தண்ணீர் வளைந்து எழுந்து வேறிடத்தில் விழும், வாய்க்குள் போய்வந்தது குழாய்க்குத் திரும்பாது. முனைக்கு மேல் ஒரு சின்ன உலோகத் தடுப்பையும் வைத்துவிட்டால் யாரும் வாய் வைக்கவும் முடியாது. இன்றைக்கு நாம் பார்க்கிற வளைந்த நீர்க்கோடு அழகுக்காக வந்தது இல்லை, முன்னால் குடித்தவரின் எச்சில் அடுத்தவருக்குப் போகாமல் இருக்க ஆராய்ந்து கண்டுபிடித்த கோணம் அது.

குழாயைச் சாய்த்த பிறகும்

படித்துக்கொண்டே வந்தவன் நின்றது இந்த இடத்தில்தான், இன்னும் முழுதாக நகர முடியவில்லை. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுக் குவளையைத் தடை செய்தது 1909. வாய் படாத குழாய்க்குக் காப்புரிமை 1911. குழாயைச் சாய்க்கச் சொன்னது 1916. அதாவது எச்சில் என்ற பிரச்சினை பொறியியலில் தீர்ந்துவிட்டது. அதே காலத்தில்தான் தென்மாநிலங்களில் நீதிமன்ற வளாகங்களிலும் பேருந்து நிலையங்களிலும் கடைகளிலும் ஊற்றுகளின் மேல் ‘வெள்ளையர்’ என்றும் ‘கருநிறத்தவர்’ (ஆங்கிலத்தில் ‘கலர்ட்’) என்றும் பலகைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரே குவளை சங்கிலியில் தொங்கியபோது வராத எண்ணிக்கையில், யாருடைய வாயும் எதிலும் படாத காலத்தில், பலகைகள் பெருகின.

இதைச் சுகாதாரம் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னார்கள்தான், ஆனால் நிற்காது. கிருமிக்குப் பயந்தவர்கள் குழாயைச் சாய்த்ததோடு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பல இடங்களில் இரண்டு ஊற்றுக்கும் பின்னால் சுவருக்குள் ஓடியது ஒரே நகராட்சித் தண்ணீர். அப்படியானால் அந்தப் பலகை எதைத் தடுத்தது? பக்கத்தில் நிற்பதை. அவர் நிமிரும்வரை இவர் காத்திருப்பதை. வரிசையில் அவர் முன்னால், இவர் பின்னால் என்ற நிலை ஒரு நொடிகூட வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இரட்டைக் குவளை டீக்கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

படங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு நாள் மாலை முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1938-இல் அரசாங்க வேலைக்காகப் படமெடுத்த ஜான் வாச்சன், வடகரோலினாவின் ஹாலிஃபாக்ஸில் நீதிமன்றப் புல்வெளியில் ஒரு கறுப்பினச் சிறுவன் தண்ணீர் குடிப்பதை எடுத்திருக்கிறார், பலகையை மரத்தில் அறைந்திருக்கிறார்கள். நீதி கேட்டு வருகிற இடத்தின் வாசலில். 1939-இல் ரஸ்ஸல் லீ ஓக்லஹாமா நகரத்து டிராம் நிலையத்தில் ஒருவர் தனக்கென்று ஒதுக்கிய தண்ணீர்த் தொட்டியில் குடிப்பதை எடுத்தார். 1950-இல் எலியட் எர்விட் வடகரோலினாவில் எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வெள்ளையருக்கு நல்ல ஊற்று, மறுபக்கம் ஒரு சின்னப் பீங்கான் தொட்டி, அதன் மேல் குனிந்தபடி ஒருவர். 1962-இல் ஜார்ஜியாவின் ஆல்பனியில் டேனி லயன் எடுத்த படத்திலும் அதே கதை. ஒன்று பெரிய குளிரூட்டி, மற்றது ஒட்டவைத்த மாதிரி ஒரு சின்னக் கிண்ணம். தனித்தனி ஆனால் சமம் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சொல்லை இந்த இரண்டு தொட்டிகளின் அளவே பொய்யாக்கிவிடுகிறது. இந்தப் படங்களில் எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது குனிவதுதான். குனியாமல் ஊற்றில் குடிக்க முடியாது. உலகத்தில் எல்லா மனிதரும் ஒரே மாதிரிக் குனிகிற ஒரு காரியத்தை எடுத்து, அதையே ஒருவரைத் தாழ்த்தப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ‘கலர் தண்ணீர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வானவில் நிறத்தில் தண்ணீர் வரும் என்று ஆசைப்பட்டோம் என்று அந்தத் தலைமுறையில் பலர் தங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1964 ஜூலை 2-ஆம் தேதி குடிமை உரிமைகள் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். பலகைகள் இறங்கின. எல்லாம் இறங்கிவிடவில்லை. 2003-இல் டாலஸ் மாவட்டப் பதிவேட்டுக் கட்டடத்தில் ஓர் ஊற்றுக்கு மேல் இருந்த உலோகத் தகடு கழன்று விழுந்தது, அதற்குக் கீழே ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற எழுத்தின் தடம். நாற்பது ஆண்டுகளாக அதே சுவரில், ஒரு தகடு மறைவில். அழிப்பதா வைப்பதா என்று வாதம் நடந்து, கடைசியில் விளக்கப் பலகையோடு அப்படியே வைத்தார்கள். பின்னர் 2013-இல் லாரன் வுட்ஸ் என்ற கலைஞர் அந்த ஊற்றையே மாற்றியமைத்தார். குடிக்கப் போய் அழுத்தினால் முதலில் தண்ணீர் வராது, உரிமைப் போராட்டங்களின் பழைய படக்காட்சி ஓடும், அது முடிந்த பிறகுதான் தண்ணீர். தாகத்தோடு நிற்கிறவரைக் காக்க வைப்பது சரியா என்று யாராவது கேட்கலாம். சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

காசு கொடுத்த தண்ணீர்

இப்போது பாட்டில் கதைக்கு வருகிறேன். சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் என் சந்தேகம் இருக்கிறது. நீச்சல் குளங்களின் கதை எழுத்தில் தெளிவாக இருக்கிறது. அலபாமாவின் மான்ட்கமரி, எல்லோரையும் உள்ளே விட வேண்டிவரும் என்றதும் 1959 தொடக்கத்தில் தன் பூங்காக்களையே மூடியது, ஓக் பார்க் குளத்தை மண்போட்டு நிரப்பியது. மிசிசிப்பியின் ஜாக்சன் 1963-இல் குளங்களை மூடியது, 1971-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதில் தப்பில்லை என்றது. குடிநீர் ஊற்றுகளையும் இப்படியே திட்டம்போட்டு மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் என்றானதும் பொதுவானவை மீது ஆசை குறைந்துபோனது அந்தத் தலைமுறையின் மனநிலை. வசதி இருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பின்புறத்தில் குளம் வெட்டிக்கொண்டார்கள். பராமரிக்க யாரும் வாதாடாத ஊற்று துருப்பிடித்தது, துருப்பிடித்த ஊற்றில் யாரும் குடிக்கவில்லை, யாரும் குடிக்காததைச் சரிசெய்யப் பணம் ஒதுக்கவில்லை. 1977-இல் பெரியே என்ற பிரெஞ்சு பாட்டில் தண்ணீர் அமெரிக்காவில் பெரிய விளம்பரத்தோடு இறங்கியபோது சந்தை தயாராக இருந்தது. 2016-இல் அமெரிக்கர்கள் குடித்த பாட்டில் தண்ணீரின் அளவு சோடா வகைகளையே தாண்டிவிட்டது.

அதன் விளைவை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் 2007 செப்டம்பரில் ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும். சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 45,000 பேர் உட்காரும் புது அரங்கத்தைத் திறந்தது. அதில் ஒரு குடிநீர் ஊற்றுகூட இல்லை. கொளுத்தும் வெயில், தண்ணீர் பாட்டில் 3 டாலர், அதுவும் தீர்ந்துபோனது. சுமார் 60 பேருக்கு வெப்பத்தால் உடம்புக்கு முடியாமல் போய்ச் சிகிச்சை கொடுத்தார்கள், 18 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவசர அவசரமாக ஊற்றுகளை வைத்தார்கள். இத்தனை பேர் கூடும் இடத்தைக் கட்டும்போது வரைபடத்தைப் பார்த்த அத்தனை கண்களிலும் ஒன்றுகூடத் தண்ணீர் எங்கே என்று தேடவில்லை என்பது எனக்கு 3 டாலரைவிடப் பெரிய அதிர்ச்சி.

நியாயமான பயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1988-இலேயே ஈயம் பூசிய தொட்டிகள் கொண்ட தண்ணீர்க் குளிரூட்டிகளைத் திரும்பப் பெறச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2014-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரத்தில் நீராதாரத்தை மாற்றி, அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதில் குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்து பிள்ளைகளின் உடம்பில் ஏறியது. 2018-இல் டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் ஈயமும் செம்பும் இருப்பது தெரிந்து எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர்க் குழாய்களை அடைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய்க் குழாய்த் தண்ணீரை நம்புங்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தப்பு குழாயைப் பராமரிக்க வேண்டியவர்களுடையது, அதே குழாயில் குடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது இல்லை. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கோவிட் வந்தபோது பல ஊர்களில் ஊற்றுகளுக்குக் குப்பைப் பையைக் கட்டி மூடினார்கள், சிலவற்றைத் திறக்கவே இல்லை.

இன்றைக்கு விமான நிலையத்திலும் பள்ளியிலும் பாருங்கள், சுவரில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும், ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வாக. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பலன். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத் தாழ்ந்த கிண்ணம், குனிய முடியாதவருக்கு உயர்ந்தது. அந்தப் பழைய படங்களைப் பார்த்த பிறகு, சுவரில் இரண்டு ஊற்று ஜோடியாக இருப்பதைப் பார்த்தாலே எனக்கு ஒரு நொடி நெஞ்சு திக்கென்கிறது. பிறகு ஒரு பாட்டி தாழ்ந்ததில் பேத்திக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு உயர்ந்ததில் தான் குடிப்பதைப் பார்க்கும்போது, ஒதுக்கி வைப்பதற்கு இரண்டு வைத்த நாடு சேர்த்துக்கொள்வதற்கும் இரண்டு வைத்திருக்கிறது என்று தோன்றும். இந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களுக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன்.

இப்போது அந்தக் கிண்ணங்களின் இடத்தைப் பாட்டில் நிரப்பும் குழாய் பிடித்துக்கொண்டு வருகிறது. எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் மிச்சமானது என்று எண் காட்டும் பெட்டி. நல்ல விஷயம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது வாயே வேண்டாத ஊற்று. கையில் பாட்டில் இருப்பவருக்கு மட்டுமான ஊற்று. விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை, வீட்டுக்கு வீடு பொட்டலம் கொண்டுபோகிறவர், தெருவில் படுப்பவர், பேருந்தைத் தவறவிட்ட முதியவர், இவர்கள் கையில் எப்போதும் பாட்டில் இருக்குமா? 2021 ஜூன் இறுதியில் போர்ட்லண்டில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 46 டிகிரி செல்சியஸுக்கும் மேல் போனது. ஒரிகனில் ஏராளமானோர் இறந்தார்கள். அந்த வாரத்தில் தெருமுனையில் எந்தக் கேள்வியும் கேட்காமல் தண்ணீர் கொடுக்கும் கிண்ணத்தின் மதிப்பை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் பழுதான பழைய ஊற்றை எடுத்துவிட்டுப் பாட்டில் குழாய் மட்டும் வைப்பது என்று பேச்சு வந்தபோது குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன். ஒருவர் சுத்தத்தைப் பற்றிக் கேட்டார். சாய்ந்த குழாய் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார். அப்புறமும் தயங்கி, வெளியாட்கள் எல்லாம் வந்து குடிப்பார்களே என்றார். அவர்களுக்காகத்தான் கேட்கிறோம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இரண்டு உயரத்தில் கிண்ணங்கள், பக்கத்தில் பாட்டில் குழாய், கீழே நாய்களுக்கு ஒரு தொட்டி, குழாய்களில் ஈயப் பரிசோதனை செய்து முடிவை அங்கேயே ஒட்ட வேண்டும். இவ்வளவையும் எழுதி மனுவாகக் கொடுத்திருக்கிறோம், அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கலாமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால் எழுதுங்கள், தாளைக் கொண்டுவந்து தருகிறேன்.